ராயபுரத்திலிருந்து ஏன் ஒரு பியானோ கலைஞர் வரவில்லை?

2019 மார்ச்சில் ‘தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் சென்னையைச் சேர்ந்த லிடியன் நாதஸ்வரம் பத்து லட்சம் டாலர் பரிசை வென்றார். அப்போது அவருக்கு வயது 13. வண்டு பறப்பதை இசையாக்கிய ரிம்ஸ்கி-கோர்சகோவின் புகழ்பெற்ற படைப்பை முதலில் நிமிடத்துக்கு 208 தட்டு வேகத்திலும், பிறகு 325 தட்டு வேகத்திலும் அவர் வாசித்த காட்சி தமிழ்நாட்டில் கைபேசிக்குக் கைபேசி தாவியது. பிறவி மேதை, கடவுள் கொடுத்த விரல் என்றெல்லாம் கொண்டாடினோம். பாராட்டில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பாராட்டுக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருந்தது. பியானோ மேதை எங்கோ தானாக முளைத்து வருவார், நாம் கண்டுகொண்டு கைதட்டினால் போதும் என்ற நம்பிக்கை அது. அதை மறுப்பதற்காகவே இந்தக் கட்டுரை. கச்சேரி மேடையில் தனியாக அமர்ந்து வாசிக்கும் பியானோ கலைஞர், கலைகளிலேயே தனிமனிதத் திறமையின் உச்சமாகத் தெரிகிறார். உண்மையில் ஓர் ஊர் இருபது ஆண்டுகள் சேர்ந்து செய்த வேலையின் கடைசி விளைவே அவர். வாத்தியம், அதைப் பராமரிக்கத் தெரிந்தவர், ஆசிரியர், மேடை, கேட்கும் கூட்டம் என்று ஐந்தும் ஒன்றோடொன்று கோத்து நின்றால்தான் அவர் வருவார். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் வரமாட்டார். இதைச் சோதித்துப் பார்க்க வடசென்னையைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. பியானோ கப்பலில் வந்து இறங்கிய கரை அது. பியானோ கலைஞர் உருவாகாத கரையும் அதுதான்.

முதலில் அந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்று பார்த்துவிடுவோம். ஒரே ஒருவர் மேடையில் அமர்ந்து மாலை முழுவதும் பியானோ வாசிப்பது பழங்கால வழக்கம் அல்ல. அதற்கு முன்பெல்லாம் பாட்டு, வயலின், பியானோ என்று பலரும் கலந்து வாசிப்பதுதான் கச்சேரி. ஹங்கேரியரான பிரான்ஸ் லிஸ்ட் 1840-இல் லண்டனில் நடத்திய தனிக் கச்சேரிகளுக்குப் பிறகுதான் இன்றைய வடிவம் நிலைபெற்றது. நோட்டைப் பார்க்காமல் மனப்பாடமாக வாசிக்கும் வழக்கத்தை லிஸ்டோடு சேர்ந்து ஊன்றியவர் ஜெர்மனியின் கிளாரா ஷூமன். 1828-இல், ஒன்பது வயதில் மேடையேறிய அவர், எட்டுப் பிள்ளைகளைப் பெற்று, கணவரின் நோயையும் மரணத்தையும் தாண்டி 1891 வரை வாசித்தார். அந்த இரண்டு வழக்கங்களும் சேர்ந்து இன்றைய கலைஞரின் தலையில் பெரும் சுமையை ஏற்றிவைத்திருக்கின்றன. ஒன்றரை மணி நேரத்துக்கான இசையைத் தலையில் வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல், ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் அரைமணி நேரக் கன்செர்ட்டோக்கள் பல எந்த நேரமும் கைவசம் தயாராக இருக்க வேண்டும். வயலின்காரர் தன் வயலினைத் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். பியானோக்காரரோ ஹோரோவிட்ஸ் போன்ற ஓரிருவர் தவிர, போகும் ஊரில் இருக்கும் வாத்தியத்தில்தான் வாசித்தாக வேண்டும். கச்சேரிக்குச் சில மணி நேரம் முன்பு அரங்குக்குப் போய், இந்தப் பியானோவின் கட்டை கனமா லேசா, மேல் ஸ்தாயி கீச்சிடுகிறதா, பெடல் எவ்வளவு அழுத்தினால் பிடிக்கிறது என்று விரலாலும் காலாலும் கண்டறிந்து, பழகிய வாசிப்பை அன்றைய வாத்தியத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறார். இந்தச் சாமர்த்தியம் பிறவியில் வருவதில்லை. சிறு வயதிலிருந்தே பலவிதமான பியானோக்களில் வாசித்தவருக்கே வரும்.

அடுத்தது வாத்தியம். 1700-ஐ ஒட்டி இத்தாலியின் ஃப்ளாரென்ஸ் நகரில் கிறிஸ்டோஃபோரி உருவாக்கிய இயந்திரத்தின் வழித்தோன்றல்தான் இன்றைய பியானோ. கட்டையை அழுத்தினால், கம்பளி சுற்றிய சுத்தியல் ஒன்று எழும்பிக் கம்பியைத் தட்டுகிறது. கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுத் தானாகப் பறந்துபோய் அடித்துத் திரும்பும். விடுபடாவிட்டால் சுத்தியல் கம்பியின் மேலேயே ஒட்டிக்கொண்டு ஒலியை அமுக்கிவிடும். கட்டை கீழே இறங்கும் தூரம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே மெல்லிய ஒலியும் இடி போன்ற ஒலியும் பிறக்கின்றன. பியானோ வாசிப்பவர் வாழ்நாள் முழுவதும் பழகுவது இந்த ஒரு சென்டிமீட்டரைத்தான். கச்சேரி மேடைக்கான பெரிய கிராண்ட் பியானோ ஏறக்குறைய அரை டன் எடை. ஆயிரக்கணக்கான உறுப்புகள் கொண்டது. இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகளின் மொத்த இழுவிசை இருபது டன்னைத் தொடும். அந்த விசையை இரும்புச் சட்டம் தாங்குகிறது. ஒலியைப் பெருக்குவதோ ஒரு மெல்லிய மரப்பலகை. காற்றில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தை ஒட்டி நிலையாக இருந்தால் அந்தப் பலகைக்கு நல்லது. சென்னைக் கடற்கரையில் அதற்கு வழியில்லை. ஈரத்தில் பலகை உப்பும், வெயிலில் சுருங்கும், சுருதி கலையும். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். எண்ணூரின் நிலக்கரித் தூசியும் சேர்ந்துகொண்டால், மூடிவைத்த பியானோவும் சில ஆண்டுகளில் வீட்டு அலங்காரப் பொருளாகிவிடும். ஆக, பியானோவை வாங்குவதோடு வேலை முடிவதில்லை. அதை உயிரோடு வைத்திருக்கத் தெரிந்த கை ஊரில் இருக்க வேண்டும்.

வடசென்னைக்கும் பியானோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு வரலாறு பதில் வைத்திருக்கிறது. 1861-இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் கட்டப்படும் வரை மதராஸில் கப்பல் கரையை அணுக முடியாது. கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் மசூலாப் படகுகள்தாம் கரைசேர்த்தன. ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த படகு அது. அலை அடித்தால் நெளிந்து கொடுக்கும், உடையாது. ஐரோப்பாவிலிருந்து வெள்ளைக்காரர்களின் வீடுகளுக்கு வந்த கனமான மரப்பெட்டிகள் எல்லாம் இந்தப் படகோட்டிகளின் கைகளைக் கடந்தே கரை ஏறின. அந்தப் படகோட்டிச் சமூகம் வாழ்ந்த இடம் ராயபுரம். அவர்கள் தங்கள் உழைப்பில் எழுப்பிய புனித பேதுரு தேவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது. 1842-இல் மிஸ்க்வித் கம்பெனி பியானோவும் ஆர்கனும் விற்கத் தொடங்கியது. பின்னாளில் அதுவே மவுண்ட் ரோட்டின் மியூசி மியூசிகல் ஆயிற்று. 1856-இல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டது. ரயில்வேயை ஒட்டி ராயபுரத்திலும் பெரம்பூரிலும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பெருகின. அவர்களுடைய நடனக் கூடங்களிலும் தேவாலயங்களிலும் பியானோ புழங்கியது. 1893-இல் மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் உருவானது. வானொலியில் மேற்கத்திய இசையைக் கவனித்துக்கொண்டவரும், செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கில் ஆர்கன் வாசித்தவருமான ஹேண்டல் மானுவேல் பின்னாளில் அந்தச் சங்கத்தின் பாடகர் குழுவை வழிநடத்தினார். சங்கிலியின் பல கண்ணிகள் ஒரு காலத்தில் இந்த நகரத்தில் இருந்தன என்பதற்கு இவ்வளவு சான்று போதும். 1947-க்குப் பின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் குடிபெயர்ந்தபோது, அவர்களோடு வீட்டு ஆசிரியர்களும் கேட்கும் காதுகளும் கப்பலேறிவிட்டன.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். மேற்கத்திய வாத்தியம் எதையும் தமிழர்கள் ஒதுக்கவில்லையே, வயலினை வாரி அணைத்துக்கொண்டோமே. பியானோவை மட்டும் விட்டதற்குக் காரணம் வசதியின்மை அல்ல, நம் இசையின் இயல்புதானே என்பார்கள். இந்த வாதத்தின் சான்றும் வடசென்னையிலிருந்தே கிடைக்கிறது. ராமசுவாமி தீட்சிதர் குடும்பம் மணலி முதலியார்களின் ஆதரவில் மணலியில் வாழ்ந்தது. சின்னையா முதலியார் அவர்களைக் கோட்டைக்கு அழைத்துச் சென்று ஆங்கிலேய பேண்டு வாத்தியத்தைக் கேட்க வைத்தார். அந்த மெட்டுகளுக்கு ராமசுவாமியின் மகன் முத்துசுவாமி தீட்சிதர் எழுதிய சம்ஸ்கிருத சாகித்தியங்களே நோட்டுஸ்வரங்கள். ஏறக்குறைய நாற்பது உருப்படிகள் அவை. தம்பி பாலுசுவாமி ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். கர்நாடக இசையின் பக்கவாத்தியமாக வயலின் நிலைபெற்றதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. வயலினில் விரல் வழுக்கும், கமகம் பிறக்கும். பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவே போக வழியில்லை. இந்த அளவில் மறுப்பு சரியே. ஆனால் அது முழுப் பதில் ஆகாது. கமகத்துக்கு அதே அளவு இடைஞ்சலான ஆர்மோனியத்தைத் தமிழ் நாடக மேடை ஏற்றுக்கொண்டது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தும் அது ஊர் ஊராகப் பாடிக்கொண்டுதான் இருந்தது. கோட்டையின் பேண்டு வாத்தியங்களான டிரம்பெட்டும் கிளாரினெட்டும் வடசென்னையின் கல்யாண ஊர்வலத்துக்கும் சாவு ஊர்வலத்துக்கும் இறங்கி வந்தன. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் என்ன? ஒருவர் தூக்கிச் செல்லலாம், கடனுக்கு வாங்கலாம், ஒண்டுக்குடித்தன வீட்டில் வைத்திருக்கலாம். தெருவுக்கு வர முடிந்த வாத்தியம் எல்லாம் தெருவுக்கு வந்தன. வர முடியாத ஒன்று வரவேற்பறையிலேயே தங்கிவிட்டது. இசையின் இலக்கணம் ஒரு காரணம்; எடையும் விலையும் அதைவிடப் பெரிய காரணம். போதாததற்கு, பியானோ கலைஞர் ராகம் வாசித்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கர்நாடக இசையோடு பியானோவை இணைக்கும் வழியை சிக்கில் குருசரணுடன் மேடையேறிய சென்னைக் கலைஞர் அனில் ஸ்ரீனிவாசன் காட்டியிருக்கிறார். பாக்கையும் பேத்தோவனையும் அவர்கள் எழுதியபடியே வாசிக்கவும் தமிழ் விரலுக்கு எல்லா உரிமையும் உண்டு.

ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் போன பிறகு நம்மிடம் உறுதியாக எஞ்சியது தேர்வு. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுகளைத் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் ஏராளமான பிள்ளைகள் எழுதுகிறார்கள். ஒன்று முதல் எட்டு வரை கிரேடு, அதற்கு மேல் டிப்ளமோ. நோட்டு வாசிக்கும் பயிற்சியைத் தமிழ் வீடுகளுக்குக் கொண்டுவந்ததில் இந்தத் தேர்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அதைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்டதனம். திரையிசைக்கு அதனால் கிடைத்த பலன் கண்கூடு. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரின் சிறிய அறையில் மேற்கத்திய இசை பயின்றவர்தான் இளையராஜா. ஆனால் தேர்வு வேறு, மேடை வேறு. கிரேடு தேர்வுக்கு மாணவர் ஓராண்டு முழுவதும் மூன்று உருப்படிகளைத் தேய்த்து வாசித்தால் போதும். அடுத்த ஆண்டு வேறு மூன்று. எட்டு கிரேடு முடித்த பிள்ளையின் கையில் சான்றிதழ் இருக்கும். ஒரு மாலைக் கச்சேரிக்கான இசை இருக்காது. கேட்பவர் ஒரே ஒரு தேர்வாளர் என்பதால் கூட்டத்தின் முன் வாசிக்கும் பழக்கமும் வந்திருக்காது. சாதம் வடிக்கக் கற்றவரைக் கல்யாணப் பந்தியை நடத்தச் சொன்னால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கும். எட்டாம் கிரேடுக்குப் பிறகு பொறியியல் நுழைவுத் தேர்வு வந்துவிடுகிறது, பியானோவுக்கு மூடி போட்டாயிற்று. இந்தக் கதை நம் நடுத்தர வர்க்கத்துக்குப் பழகிப்போன ஒன்று.

படித்தவருக்கு முன்னால் திறந்திருந்த கதவும் மேடையின் கதவு அல்ல. தமிழ்நாட்டில் கட்டை வாத்தியக்காரருக்குச் சம்பளம் கொடுத்த ஒரே பெரிய தொழில் சினிமா. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேகமாக நோட்டு வாசிக்கத் தெரிந்தவர் தேவைப்பட்டார். பிறகு கணினி வந்து அந்தத் தேவையையும் சுருக்கிவிட்டது. லிடியனின் பாதையையே பாருங்கள். ஏ.ஆர். ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் பயின்று, உலகம் வியந்த வாசிப்பைக் காட்டியவர், இன்று இசையமைப்பாளராகவும் பல வாத்தியக் கலைஞராகவும் நிற்கிறார். மோகன்லாலின் ‘பரோஸ்’ படத்துக்கு இசையமைத்திருக்கிறார். அது அவருடைய விருப்பம், அதற்கான தகுதியும் நிறைந்தவர். நான் சொல்ல வருவது அவரைப் பற்றியல்ல, ஊரைப் பற்றி. இவ்வளவு திறமையுள்ள ஒருவர் கச்சேரிப் பியானோவை மட்டுமே தொழிலாகக் கொள்ள விரும்பியிருந்தாலும் சென்னையில் அதற்குப் பிழைப்பு கிடையாது. நிரந்தரமாகச் சம்பளம் வாங்கும் முழு ஆர்க்கெஸ்ட்ரா இங்கே இல்லை. மும்பையில்கூட 2006-இல்தான் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா வந்தது. இளையராஜாவின் முதல் சிம்பனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறியதைப் பெருமையாகப் பேசினோம். பேச வேண்டியதுதான். ஆனால் ஏன் லண்டன் என்ற கேள்வியை விட்டுவிட்டோம்.

திறமை இருந்தால் தடைகளை உடைத்துக்கொண்டு வரும் என்பது அடுத்த மறுப்பு. இதற்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுபவர் வியட்நாமின் டாங் தாய் சான். வார்சாவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஷோபான் போட்டி, பியானோ உலகின் உச்சப் போட்டிகளில் ஒன்று. 1980-இல் அதை வென்ற முதல் ஆசியர் அவர். அமெரிக்கக் குண்டுவீச்சின்போது ஹனோய் இசைக் கல்லூரியே கிராமத்துக்கு இடம்பெயர்ந்தது. எருமை வண்டியில் பியானோ போனது. மாணவர்கள் முறைவைத்து வாசித்தார்கள். கேட்டால் சிலிர்க்கும் கதைதான். ஆனால் ஊன்றிப் பார்த்தால் அது என் வாதத்துக்கே துணை நிற்கிறது. அவருடைய தாய் பியானோ ஆசிரியர், அந்தக் கல்லூரியை உருவாக்கியவர்களில் ஒருவர். போருக்கு நடுவிலும் அரசு இசைக் கல்லூரியை மூடாமல் நகர்த்தியது. 1974-இல் ஹனோய்க்கு வந்த ரஷ்ய ஆசிரியர் ஐசக் காட்ஸ் அவரை அடையாளம் கண்டு மாஸ்கோவுக்கு வழிகாட்டினார். வறுமையும் போரும் இருந்தன, உண்மைதான். சங்கிலி மட்டும் அறுபடவில்லை. இன்னும் பக்கத்தில் கொழும்பு இருக்கிறது. அதுவும் துறைமுக நகரம், அங்கும் இதே ஈரக்காற்று. அங்கே 1958-இலேயே சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா தோன்றிவிட்டது. இலங்கையில் பிறந்த ரோஹன் டி சில்வா லண்டனிலும் நியூயார்க்கிலும் படித்து, 1990-இல் மாஸ்கோவின் சைக்கோவ்ஸ்கி போட்டியில் சிறந்த பக்கவாத்தியக் கலைஞருக்கான பரிசைப் பெற்றார். உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர் இட்சாக் பெர்ல்மனுடன் நீண்ட காலமாக மேடையேறி வருகிறார். ஆகவே பழியைப் பருவநிலையின் தலையில் மட்டும் போட்டுவிட முடியாது.

வடசென்னையில் திறமைக்குப் பஞ்சம் என்று சொல்பவர்கள் கேரம் பலகையைப் பார்க்கட்டும். வியாசர்பாடியின் இளவழகி 2008-இல் உலக சாம்பியன் ஆனார். வண்ணாரப்பேட்டைப் பகுதியைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். விரல் நுனியின் அழுத்தத்தை நூலிழையில் அளந்து, மணிக்கணக்கில் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பழகி, கூட்டத்தின் முன்னே பதறாமல் நிற்பதுதான் கேரம். இதே மூன்றும்தான் பியானோவுக்கும் வேண்டும். இந்தத் தெருக்களில் கேரம் சாம்பியன்கள் எழுந்ததற்குக் காரணம் எளிது. பலகை மன்றத்தில் இருக்கிறது, காசு கேட்பதில்லை. பக்கத்தில் தன்னைவிட நன்றாக ஆடும் அண்ணனோ அக்காவோ இருக்கிறார். வாரம் தவறாமல் போட்டி நடக்கிறது. தோற்றாலும் ஜெயித்தாலும் வேடிக்கை பார்க்கத் தெரு கூடுகிறது. வாத்தியம், ஆசிரியர், மேடை, கேட்பவர் என்று நான் மேலே சொன்ன கண்ணிகள் இவையே. சங்கிலி முழுமையாக இருக்கும் துறையில் வடசென்னை உலக மேடை வரை போயிருக்கிறது. அறுந்து கிடக்கும் துறையில் போகவில்லை. குறை விரலில் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

கீபோர்டு போதாதா என்று சிலர் கேட்பார்கள். நோட்டு கற்கவும் மெட்டுப் போடவும் தாராளமாகப் போதும். விலை குறைவு, சுருதி கலையாது, ஹெட்போன் மாட்டினால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தொல்லையில்லை. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அதுவே நல்ல வழி. ஆனால் விலை மலிந்த கீபோர்டின் கட்டைக்கு அடியில் இருப்பது வில்கம்பி, சுத்தியல் அல்ல. மேலே சொன்ன அந்த ஒரு சென்டிமீட்டரின் வித்தையை அதில் பழக முடியாது. சுத்தியல் போன்ற எடையுள்ள டிஜிட்டல் பியானோ இன்னும் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போகும். அதற்குப் பிறகு உண்மையான வாத்தியம் இல்லாமல் மேடைக்கான தொடுகை கைக்கு வராது. வீட்டுக்கு வீடு பியானோ என்பது நடவாத காரியம். பகுதிக்கு ஒன்று என்பது நடக்கக்கூடியது. தமிழ்நாடு அரசின் மாவட்ட இசைப்பள்ளிகள் நாகசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம் எனக் குறைந்த கட்டணத்தில் கற்றுக்கொடுத்து வருகின்றன. ஏழைப் பிள்ளைகளைக் கொண்டு ரஹ்மானின் அறக்கட்டளை நடத்தும் சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ராவும் நம் கண்முன் இருக்கிறது. வகுப்பறை என்ற கண்ணியை எப்படிக் கட்டுவது என்று நமக்குத் தெரியாமல் இல்லை. பியானோவுக்காக அதைக் கட்டவில்லை, அவ்வளவுதான்.

கடைசி மறுப்புத்தான் கனமானது. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்தது. அதே மாதம் பெரியகுப்பத்தை அமோனியா வாயு மூச்சுத்திணற வைத்தது. மூச்சுக்கே வழியில்லாத இடத்தில் பியானோ ஒரு கேடா என்று கேட்பவரின் கோபம் நியாயமானது. ஆனால் காற்றைச் சுத்தமாக வைத்திருப்பது ஆலைகளின் சட்டக் கடமை. அது யாருடைய தர்மமும் அல்ல, அதைக் கலைக்கான பணத்தோடு பேரம் பேசவும் கூடாது. அதற்கு அப்பால், லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-இன் கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்களுக்குச் சொல்கிறது. கல்வியும் கலையும் அந்தப் பட்டியலில் உண்டு. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., மணலியில் சுத்திகரிப்பு ஆலை, கடலோரம் காமராஜர் துறைமுகம் என இந்தப் பட்டையில் அத்தகைய நிறுவனங்களுக்குக் குறைவில்லை. தொழிற்சாலைப் பகுதியில் பிறந்த பிள்ளைக்குச் சுத்தமான காற்று மட்டும் போதும், அழகான எதையும் அது கேட்கக்கூடாது என்று முடிவு செய்வது பரிவு போலத் தோன்றும் அலட்சியம். திருவொற்றியூர் அந்த முடிவை ஒருபோதும் ஏற்ற ஊர் அல்ல. வீணை குப்பையர் வாழ்ந்த, தியாகராஜர் வந்து திரிபுரசுந்தரி மீது ஐந்து கிருதிகள் பாடிய ஊர் அது.

செய்ய வேண்டியதும் மலைப்பானது அல்ல. ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையே ஒரு பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ ஈரம் புகாத அறை, அதில் நல்ல அப்ரைட் பியானோ, ஆண்டுக்குச் சில முறையாவது சுருதி சேர்ப்பு, மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியர், பள்ளி விட்டதும் எந்தப் பிள்ளையும் வந்து பழகத் திறந்திருக்கும் கதவு, மாதம் ஒருமுறை தெருவார் கேட்கச் சிறு கச்சேரி. இதில் மிக அரிதான ஆள் ஆசிரியர்கூட அல்ல, பியானோவைப் பழுதுபார்ப்பவர். சுத்தியலைச் சரிக்கட்டி, கம்பி மாற்றி, ஆணியைத் திருகிச் சுருதி சேர்ப்பது காதும் கையும் சேர்ந்த ஃபிட்டர் வேலை. தலைமுறைகளாக லேத்திலும் எஞ்சினிலும் கைபழகிய வடசென்னையில் அதற்கு ஆள் கிடைக்காது என்றால் வேறெங்கும் கிடைக்காது. ஐ.டி.ஐ. முடித்த இளைஞர்கள் சிலருக்கு இந்தப் பயிற்சி கொடுத்தால், நகரத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய பியானோக்களுக்கும் உயிர் வரும், அவர்களுக்கும் பிழைப்பு நடக்கும். முதல் பத்தாண்டில் இங்கிருந்து கச்சேரிக் கலைஞர் வரமாட்டார். ஒரு பழுதுபார்ப்பவர், இரண்டு ஆசிரியர்கள், தேவாலயத்திலும் பள்ளியிலும் பாட்டுக்குத் துணையாக வாசிக்கும் சிலர், கேட்கத் தெரிந்த நூறு பேர் வருவார்கள். அதைத் தோல்வி என்று எழுதித் திட்டத்தை மூடிவிடாமல் இருப்பதுதான் உண்மையான சோதனை. அவர்கள்தாம் சங்கிலி. கலைஞர் அதற்குப் பிறகுதான் வருவார்.